தையல் ஹாலின் கிழக்குச் சுவர்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சபை எழுபத்தைந்தாவது ஆண்டைக் கொண்டாடிய 2006-இல், விழா மலருக்காக 'நம்மைச் சுற்றியுள்ள கட்டிடங்கள்' என்று இரண்டு பக்கம் எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் கடிதம் பிரித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று கமிட்டி நினைத்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கதவிலக்கங்கள். கட்டிடங்களை நிமிர்ந்து பார்த்ததில்லை.

நவம்பர் முழுக்க நோட்டோடு நடந்தேன். ரயில்வே குடியிருப்பின் வெள்ளைக்காரர் காலத்து ஓட்டு வீடுகள், லெவல் கிராசிங் கேபின், ரேஷன் கடை, மாவு மில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியாக எங்கள் சபையின் பழைய ஹால். யூனிஸ் அங்கே தையல் வகுப்பு நடத்துகிறாள். என் கணவர் இறந்த வருடம் நானும் போய்ச் சேர்ந்தேன். தையல் சரியாக வரவில்லை. ஆனால் பத்து மிஷின்கள் ஒன்றாக ஓடும்போது அழுதால் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது. வீட்டிலும் கோயிலிலும் எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

நோட்டைப் பார்த்த செயலர் சுந்தர்சிங் சார் உதட்டைப் பிதுக்கினார்.

"ஹாலை எதுக்கு சிஸ்டர் போடுறீங்க? மலர் வர்றதுக்குள்ள அதை இடிச்சிருப்போம். அங்க கல்யாண மண்டபம் வருது, ஏ.சி.யோட."

"பழைய கட்டிடமாச்சே சார்?"

"என்ன பழசு? வாசல் கல்லுல 1962-னு போட்டிருக்கு. என்னைவிடச் சின்னது. ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டத்துல கை தூக்கினா முடிஞ்சுது."

நோட்டை மூடிக்கொண்டேன். எதிர்த்துச் சொல்லாமல் இருப்பது எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

இடிக்கப்போகும் கட்டிடமே ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்காமல் விடமாட்டார்கள். வியாழக்கிழமை போனபோது பொன்னுசாமி ஏணி மேல் இருந்தார். பதினெட்டு வருடமாக அவர்தான் அடிக்கிறார்.

"சாவப்போற கிழவிக்குப் பவுடரு பூசச் சொல்றாங்கம்மா," என்று சிரித்தார். "மத்த சுவரெல்லாம் தேவலை. கெயக்கால ஒரு எடம் கீது பாரு, அங்க மட்டும் சுண்ணாம்பு நிக்காது. ஒரே பேஜாரு. வருசா வருசம் வஜ்ஜிரம் கலந்து ஒட்ட வெச்சிகினு கீறேன்."

"அங்க மட்டும் ஏன் நிக்கல?"

"செங்கல்லுன்னா உறிஞ்சிக்கும். அது வழவழன்னு கருங்கல்லு மாதிரி கீது."

செங்கல் சுவரில் ஒரே ஒரு கருங்கல் எதற்கு?

"சுரண்டுங்க."

"இன்னாம்மா, இப்பதான் அட்ச்சேன்!"

"பரவாயில்ல, சுரண்டுங்கண்ணா."

தகட்டை வைத்து இழுத்தார். ஒவ்வொரு டிசம்பரும் சுரண்டாமல் மேலேயே பூசியதால் சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக விழுந்தது. கல்லில் எழுத்துகள் தெரிந்தன. என் சேலை முந்தானையாலேயே துடைத்துப் படித்தேன். எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை இரவு நான் தூங்கவில்லை. இந்தக் கல்லைப் பற்றிப் பேச வேறு யாரையாவது அனுப்பலாமா என்றுதான் யோசித்துக் கிடந்தேன். யூனிஸ் நன்றாகப் பேசுவாள். ஆனால் வகுப்புக்காகப் பேசுகிறாள் என்பார்கள். விடியும்போது புரிந்தது. எனக்குப் பயம் தோற்றுவிடுவோமோ என்பதல்ல. என் குரலை நானே கேட்க வேண்டியிருக்குமே என்பதுதான்.

எங்கள் சபையில் பெண்களுக்கு ஓட்டு உண்டு, பழக்கம்தான் கிடையாது. ஆண்கள் பக்க வரிசையில் கணவன் கை ஏறினால் இந்தப் பக்கம் மனைவி கை ஏறும். ஞாயிறு பொதுக்கூட்டத்தில் எனக்குப் பார்த்துத் தூக்க ஆள் இல்லை. எழுந்தேன்.

"ஹாலோட கிழக்குச் சுவர்ல ஒரு கல்லு இருக்கு. அதைப் படிக்கிறேன்," என்றேன். "'இந்தக் கூடம் இச்சபையின் ஸ்திரீகள் மூன்று வருஷம் சேர்த்த பிடியரிசியினால் கட்டப்பட்டது. 1934.'"

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனி டப்பாவில் போடுவது எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப 1962?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது ஓட்டைப் பிரிச்சுத் தளம் போட்ட வருஷம். சபைக் குறிப்புல இருக்கு, பார்த்துட்டேன்."

"சரி சிஸ்டர், சந்தோஷம். அந்தக் கல்லை எடுத்து மண்டபத்துல பதிச்சிடலாம்," என்றார் சுந்தர்சிங் சார். "இடிக்கிறதுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க."

ஆண்கள் பக்கம் கைகள் ஏறின. பெண்கள் பக்கம் யாரும் அசையவில்லை. ஆண்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"வேணாம்னு சொல்றவங்க?"

முதலில் ஏறிய கை அமலராணியுடையது. சுந்தர்சிங் சாரின் மனைவி.

"அமலம், கையை இறக்கு. உனக்குப் புரியல."

"தமிழ்லதானங்க படிச்சாங்க? நல்லாவே புரிஞ்சுது."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அடுத்து யூனிஸ். பிறகு வரிசை வரிசையாக வளையல் சத்தம். ஆண்களிலும் நாலைந்து பேர் மனைவியைப் பார்த்துக் கை தூக்கினார்கள். ஆயர் இரண்டு தடவை எண்ணினார். இடிக்க முப்பத்தெட்டு, வேண்டாமென்று அறுபத்தொன்று.

சுந்தர்சிங் சார் குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஹாலை இடிக்கக் கூடாதுன்னு தீர்மானம். கொண்டுவந்தது யாருன்னு எழுதணும்."

"ஜெயசீலி," என்றேன். கடைசி வரிசை வரை கேட்டது.