சேணத்தில் இருந்த பெயர்

1987ஆம் ஆண்டு சனவரி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு, திண்டிவனம் செல்லப் புறப்பட்டிருந்த பேருந்திலிருந்து ஷாகுல் ஹமீதையும் அவன் தாயார் நஃபீசா பீவியையும் விழுப்புரம் நிலையத்திலேயே இறக்கிவிட்டார்கள். வெளிநாட்டுப் பொருள்களைத் தேடி வந்த இரண்டு சுங்க அதிகாரிகளின் கண்ணில், ஷாகுல் சாக்குத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த குதிரைச் சேணம் பட்டதே காரணம்.

“ரசீது கீதுங்க. தீர்வையெல்லாம் கட்டியாச்சி” என்றான் அவன்.

“ஆபீசுல வந்து காட்டு.”

அன்று மாலை மூன்று மணிக்குத் திண்டிவனத்தில் குதிரைத் தாண்டல் போட்டி. அதில் முதலாவதாக வருபவரை மாநில அணியில் சேர்த்துக்கொள்வார்கள். வயது வரம்பு இருபத்தைந்து. ஷாகுலுக்கு மார்ச்சு மாதம் இருபத்தாறு பிறக்கிறது. எனவே அடுத்த ஆண்டு என்ற ஒன்று அவனுக்கு இல்லை. அரிசி ஆலை வைத்திருந்த சுப்பராயலு தம் செந்நிறப் பெட்டைக் குதிரையை அவனுக்காகத் திண்டிவனத்தில் ஆயத்தமாக வைத்திருந்தார். ஆனால், விதிகள் கேட்கும் தாண்டல் சேணம் அவரிடம் இல்லை. கோட்டக்குப்பத்து மாமன் காஜா மொய்தீன் சார்ஜாவிலிருந்து வரும்போது அதை வாங்கி வந்தார். சேணத்தின் விலையைக் காட்டிலும் விமான நிலையத்தில் அவர் கட்டிய இறக்குமதித் தீர்வை அதிகம். நஃபீசா பீவி தம் மகன் குதிரையேறுவதை இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் அன்று உடன் வந்தார்.

அலுவலகம் ஒரு வாடகை வீட்டில் இயங்கியது. கண்காணிப்பாளர் சக்கரபாணி ரசீதை உரக்கப் படித்தார்: “சேணம் ஒன்று. தயாரிப்பு, பாகிஸ்தான்.” பிறகு சேணத்தைப் புரட்டி, அதன் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். முத்திரை இருந்த இடத்தில் தோல் வெளுத்து, நார்நாராகப் பிய்ந்திருந்தது.

“தம்பி, ரசீதுல நாட்டுப் பேரு இருக்குது. சாமான்ல இல்லியே. யாரு சொரண்டனது?”

ஷாகுல் திகைத்தான். நேற்று எண்ணெய் தடவியபோது எழுத்துகள் இருந்தன. அவன் திரும்பித் தாயைப் பார்த்தான். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தார்.

“உம்மா?”

“நாந்தான்டா. ரேடியோவுல எந்நேரமும் எல்லையில பட்டாளம் நிக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கான். அந்தப் பேர வச்சிக்கினு நீ நாலு பேரு முன்னால போயி நிக்கணுமா? உன் மாமன்தான், இந்த இங்கிலீசு எழுத்துதான் அந்த நாட்டுப் பேருன்னு காட்டனான். அருவாமணையால சொரண்டிட்டேன்.”

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பேரு இருந்திருந்தா பத்து நிமிசத்துல அனுப்பியிருப்பேம்மா. அந்த நாட்டு சாமானுன்றது குத்தமில்ல. தீர்வை கட்டிட்டா முடிஞ்சிது. இப்ப, இதுதான் அந்தச் சேணம்னு நான் எப்படி நம்பறது? வேற ஒண்ண கடத்தியாந்து இதே ரசீத காட்டலாமில்ல?”

“குதிரைய கேட்டா சொல்லிப்புடுமுங்க சார்” என்றான் கடைநிலை ஊழியன் சவுரிராயன்.

“ஏன்யா, அது திண்டிவனத்துல இல்ல நிக்குது? நீ போயி கேட்டுக்கினு வர்றியா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. ரசீதைச் சரிபார்க்கச் சென்னைச் சுங்க அலுவலகத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்யப்பட்டது. பதினொன்றரைக்கு இணைப்புக் கிடைத்தது. மறுமுனையில் எடுப்பார் இல்லை. பன்னிரண்டரைக்கும் அவ்வாறே. திண்டிவனம் செல்லும் பேருந்துகளின் ஒலி ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்து தேய்வதைக் கேட்டுக்கொண்டு ஷாகுல் மரப்பலகையில் அமர்ந்திருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. சேணமின்றி அதன் வழியே போவதில் பயனில்லை.

இறுதியில் சக்கரபாணி ஒரு வழி சொன்னார். சுரண்டியவர் வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

“நான் சொரண்டனேன்னு எழுதிக்குங்க சார்” என்று எழுந்தான் ஷாகுல்.

“உம் பேருல கேசு இருந்தா அணியில எவன்யா சேப்பான்? உக்காரு.”

“காயிதம் குடுங்க. நானே எழுதறேன்” என்றார் நஃபீசா பீவி.

அவர் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, அரபு எழுத்துகளில் கடகடவென எழுதிச் சென்றார். சக்கரபாணியின் முகம் மாறியது.

“இது இன்னாம்மா, உருதா?”

“உருதுல எனக்கு ஒரு வார்த்த வராதுங்க. இது தமிழு. எழுத்துதான் அரபு. எங்க வூட்டுப் பொம்பளைங்க இப்படித்தான் எழுதுவோம். படிக்கறேன், கேளுங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: “விழுப்புரத்தில் வசிக்கும் நஃபீசா பீவியாகிய நான் எழுதிக்கொடுப்பது என்னவென்றால்...”

“அட, நம்ம பத்திர ஆபீசு தமிழு மாரியே கீது சார்!” என்றான் சவுரிராயன்.

சக்கரபாணிக்கும் சிரிப்பு வந்தது. உடனே அது நின்றது. “எனக்குப் புரியுது. ஆனா இந்த மாசத்துல, அந்த நாட்டுப் பேரோட இந்த எழுத்தும் சேந்து மேல போச்சின்னா, ஃபைலு மூடாதும்மா. உன் பையன ஆயிரம் கேள்வி கேப்பாங்க.” காகிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். தாமே தமிழ் எழுத்தில் வாக்குமூலத்தை எழுதினார். இறுதி வரியில், ‘எழுதப் படிக்கத் தெரியாதவர், இடது பெருவிரல் ரேகை’ என்று சேர்த்தார்.

தெருவில் ஐம்பது பெண்பிள்ளைகளுக்கேனும் எழுத்துக் கற்பித்தவர் நஃபீசா பீவி. மைப்பெட்டியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

“இப்ப எடுத்துக்கினு போலாமுங்களா?” என்றான் ஷாகுல்.

“போலாம். முத்திரை வச்சித்தான் குடுப்பேன்.” வார்ப்பூட்டுகளின் ஊடே சணல் கயிற்றைக் கோத்து முடிந்து, சவுரிராயன் அதன்மீது அரக்கை உருக்கி ஊற்றினான். “திங்கக்கெழம மெட்ராசுலேருந்து ஆளு வந்து பாக்கும் வரைக்கும் இது உடையக் கூடாது. உடைஞ்சா, ரேகை வச்சவங்க மேலதான் கேசு. இதுக்கு மேல என்னால ஆவாது தம்பி.”

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இருவரும் திண்டிவனம் மைதானத்தை அடைந்தார்கள். சுப்பராயலு குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஜல்தி வாய்யா! காலைலேருந்து ஒரே பேஜாரு. பூட்டு பூட்டு!” என்றவர் சாக்கைப் பிரித்தார். “இது இன்னாய்யா, அரக்கு?”

ஷாகுல் நடந்ததைச் சொன்னான்; அந்தக் கயிற்றை அறுக்காமல் வார்களைப் பூட்ட வழியில்லை. சுப்பராயலு வேறு இரண்டு வீரர்களிடம் ஓடிச் சேணம் இரவல் கேட்டார். இருவருமே அதே ஓர் இடத்துக்குப் போட்டியிட வந்தவர்கள்; முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார்கள். திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “அறுத்துப்புடுய்யா. இங்க எவன் பாக்கறான்?”

ஒலிபெருக்கி ஷாகுலின் பெயரை அழைத்தது.

நஃபீசா பீவி குனிந்து முடிச்சைப் பற்றினார். ஷாகுல் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். பெருவிரலில் மை இன்னும் நீலமாக இருந்தது.

“வுடுடா. அந்தக் காயிதத்துல ஏற்கெனவே என் பேருதான் கீது.”

“அதனாலதான் உம்மா, வேணாம்.”

“உனக்கோசரம்தானேடா சொரண்டனேன்.”

“தெரியும்.”

பெயர் இரண்டாம் முறையும் அழைக்கப்பட்டது. விசில் ஒலி கேட்டு, குதிரை செவிகளை நிமிர்த்தித் தானாகவே இரண்டடி முன்னே வைத்தது. சுப்பராயலு கடிவாளத்தை இழுத்தார். மூன்றாம் முறை அழைப்பு எழுந்தபோது ஷாகுல் கயிற்று வேலிவரை நடந்து சென்று, மேசையில் அமர்ந்திருந்தவரிடம், “வரலீங்க” என்றான். அவர் பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

திரும்பும் பேருந்தில் சேணம் இருவருக்கும் நடுவில் இருந்தது. நடத்துனர் அதைக் குனிந்து பார்த்தார்.

“இது இன்னாப்பா?”

“சேணமுங்க.”

“குதிரை எங்க?”

ஷாகுல் சாக்கை இழுத்துச் சேணத்தை மூடினான். “லக்கேஜு சீட்டு ஒண்ணு எடுத்துக்க” என்று கிழித்து நீட்டினார் நடத்துனர். நஃபீசா பீவி அந்தச் சீட்டை வாங்கி, மை படிந்த விரல் அதில் பட்டுவிடாதபடி மற்ற விரல்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டார். பேருந்து விழுப்புரத்தை நோக்கிப் போயிற்று.