விட்காம் துரையின் பெரியவருக்கு மாலை

அரபு நாட்டில், ஜெபல் அலி குடோனில் பேக்கிங் பார்க்கும் வீரபாண்டிக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் வேண்டியிருந்தது. ஆவணியில் சின்னவள் ஜோதிமணிக்குக் கல்யாணம். மூத்தவள் கல்யாணத்தை மனுசன் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தான். தாலி கட்டுற நேரம் பார்த்து நெட் போய், மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கொடுமை இன்னொரு தடவை வேண்டாம் என்று லீவு கேட்டால், மேனேஜர் விட்காம் கையை விரித்தார்.

"லீவ் மாஃபி, கெடையாது. சேர்மன் எனக்கே ரெண்டு வருஷமா தரல. உனக்கு எங்க போறது?"

சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாவம்.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்திலிருந்து அவருக்கு ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. திறந்தால் ஆள் உயர ஓவியம். தலையில் வெள்ளை வெளேரென்று டோப்பா முடி, பட்டுக் கோட்டு, தொப்பையில் தங்கச் சங்கிலி. விட்காமுக்கு முகமெல்லாம் பல். ஆபீஸ் கிளார்க் அருள்ராஜைக் கூப்பிட்டுப் பெருமையை அவிழ்த்துவிட்டார். அருள்ராஜ் அதைத் தமிழில் வீரபாண்டிக்குச் சொன்னான்.

"இவரு நம்ம மேனேஜரோட தாத்தாவுக்குத் தாத்தாவுக்கும் தாத்தாவாம். ஆயிரத்து எழுநூத்துச் சொச்சம். சின்ன ஊர்ல ஜவுளிக்கடை வச்சிருந்தவரு, கடை மூலையில ஒரு பேங்க் ஆரம்பிச்சு சொந்தமா நோட்டு அடிச்சாராம்."

"சொந்தமாவா? உள்ள தூக்கிப் போடலையா?"

"அப்போ அது சட்டப்படி சரிதானாம். அப்புறம் எலெக்ஷன்ல நின்னாரு. ஊருக்கே நாப்பது ஓட்டுதான். ஓட்டுக்கு ஒரு பீப்பா பீரு. ஜெயிச்சு பார்லிமென்ட்ல இருபது வருஷம் உக்காந்தாராம். வாயத் தொறந்தது ஒரே தடவ. ஊருக்குப் பாலம் வேணும்னு கேட்டாரு."

"நல்ல விஷயந்தானே?"

"பாலம் எறங்குற எடம் இவரு பேங்க் வாசல்."

"அடி சக்க! நம்ம ஆளுய்யா இவரு!" என்று வீரபாண்டி தொடையைத் தட்டினான்.

"இன்னும் கேளு. பேங்க் முழுகிருச்சுன்னு ஒரு நாள் புரளி கெளம்பி, ஊரே வாசல்ல வந்து நின்னுச்சாம். இவரு மேசையத் தூக்கி வாசல்ல போட்டு, முழு வாத்தை வறுத்து நிதானமா தின்னாராம். திவாலானவன் இப்படித் தின்ன மாட்டான்னு சனம் கலைஞ்சு போச்சு."

வீரபாண்டி படத்தை ஏறிட்டுப் பார்த்தான். சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் புது ஆபீஸ் திறக்க சேர்மன் கோபாலசாமி வருகிறார். அதற்குள் வீரபாண்டி படத்தை மாட்டியாக வேண்டும். எங்கள் பெரியவர், மரியாதையாகக் கையாளுங்கள் என்று விட்காம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். அருள்ராஜ் இருந்த அவசரத்தில், "பெரியவருக்கு மரியாதை செய்யணுமாம்" என்று முடித்துவிட்டான்.

செத்துப்போன பெரியவருக்கு மரியாதை என்றால் என்ன செய்வார்கள்? வீரபாண்டிக்குப் பாடமா எடுக்க வேண்டும்! கோயில் பக்கத்துக் கடையில் ரோஜா மாலை வாங்கினான். நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். கண்ணாடி போடாத படமாயிற்றே, கை வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தான். யோசித்துவிட்டு வைத்தான். கீழே ஊதுபத்தியும் ஏற்றினான்.

காலையில் சேர்மனோடு உள்ளே நுழைந்த விட்காம், படத்தைப் பார்த்ததும் பழுத்த மிளகாய் போலச் சிவந்தார். "வீரபாண்டி!" என்று கத்த வாயெடுத்தார்.

அதற்குள் கோபாலசாமி செருப்பைக் கழற்றிவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், வயது எழுபது, பார்வை மட்டு. மாலையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், டோப்பாவைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விட்காமின் தோளைத் தொட்டார்.

"என்னங்க விட்காம், அப்பா தவறிட்டாரா? ஜட்ஜா இருந்தவருங்களா? ஒரு வார்த்தை சொல்லலையே! துக்கத்தை மனசுல வச்சுக்கிட்டா டியூட்டிக்கு வந்தீங்க?" அருள்ராஜ் அதை அட்சரம் பிசகாமல் இங்கிலீஷாக்கினான். சேர்மன் விடவில்லை. "லீவு தராம நான் பாவம் பண்ணிட்டேனுங்க. இன்னைக்கே கெளம்புங்க. ஒரு மாசம் இருந்து எல்லாக் காரியத்தையும் முடிச்சுட்டு வாங்க."

விட்காம் வீரபாண்டியைப் பார்த்தார். ஊதுபத்தியைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து மெதுவாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேர்மனின் கார் கேட்டைத் தாண்டியதும் வீரபாண்டியை உள்ளே கூப்பிட்டார். வேலை கலாஸ், போச்சு என்று நினைத்துக்கொண்டே போனான். போனவன், தெரிந்த இங்கிலீஷில், "சார், பெரியவர் டெத் எந்த வருஷம்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் சார்" என்றான். சத்தியமாக ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

விட்காம் அவனுடைய லீவு பாரத்தைத் தேடி எடுத்தார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

வெளியே லாரி நிழலில் நின்று வீட்டில் மனைவிக்குப் போன் போட்டான்.

"சீதா, லீவு கெடச்சிருச்சு."

"நெசமாவா? எப்படிங்க?"

"மேனேஜர் வீட்ல ஒரு சாவு."

"ஐயையோ, எப்போ?"

"ஆச்சு, இருநூறு வருஷம்."

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்லடி."

"அப்ப நெசமாவே வர்றீங்களா? தாரை வார்க்க என் பக்கத்துல நிப்பீங்களா?"

"நிக்கிறேன் சீதா" என்றான்.