இரண்டாவது லீவர்

கரையில் தண்ணீர் கசிகிறது என்று கணவர் மூச்சிரைக்க வந்து சொன்னபோது, அவள் கன்றுகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாள் மழையில் ஆறு கரை உயரத்துக்கு வந்திருந்தது. கரைக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய சோளம், சோளத்தை ஒட்டி மாட்டுக் கொட்டகை, கொட்டகையை ஒட்டி வீடு. கரை போனால் எல்லாம் ஒரே வாயில் போகும்.

மண் அள்ளும் இயந்திரம் கேட்டு எத்தனையோ பேருக்குப் போன் போட்டுப் பார்த்தாயிற்று. எல்லா வண்டியும் வேறு எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய லோடர் கிடந்தது. டிராக்டருக்கு முன்னால் மாட்டும் இரண்டு இரும்புக் கைகளும் ஒரு பக்கெட்டும். கணவர் போன வருடம் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. ஆனால் அவர்களுடைய டிராக்டர் கிழடு. அதில் ஹைட்ராலிக் எண்ணெய் வெளியே வர ஒரே ஒரு ஜோடி வாய்தான். அதை வைத்துக் கைகளைத் தூக்கலாம், இறக்கலாம், அவ்வளவுதான். பக்கெட்டைக் கவிழ்க்க இன்னொரு ஜோடி வேண்டும். அது இல்லாமல், அள்ளிய மண்ணைப் பக்கெட் கொட்டாமல் ஏந்திக்கொண்டே நிற்கும்.

இதை அன்றைக்கே சொன்னவன் அவளுடைய தம்பி. சின்ன வயதில் சைக்கிள் நட்டை விழுங்கிவிட்டு வீட்டையே அலற வைத்ததால் ஊருக்கெல்லாம் அவன் நட்டு. இப்போது ஒரு கேரேஜில் பெரிய வண்டிகள் பழுது பார்க்கிறான். "மாமா, இந்த வண்டிக்கு அந்த இரும்பு சரிப்பட்டு வராது" என்று அவன் சொல்லப்போக, வார்த்தை தடித்து, அதற்கப்புறம் அவன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

அவள் போன் செய்தாள். ஒரு சொல் குத்திக் காட்டாமல் அவன் கிளம்பினான். மேட்டுச் சாலை வரை யாரோ வண்டியில் கொண்டுவந்து விட, மீதித் தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். தலையில் ஒரு சாக்கு மூட்டை. உள்ளே, உடைக்கப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு லீவர் வைத்த வால்வு ஒன்று, பழைய ஹோஸ் குழாய்கள், அவற்றை இணைக்க நாலு கப்ளர்.

"வாடா மச்சான்" என்றார் கணவர்.

"கரை தாங்குமா மாமா?" என்றான் அவன். சமாதானம் அவ்வளவில் ஆகிவிட்டது.

இருவரும் லோடரை டிராக்டரில் மாட்டிவிட்டு வண்டிக்கடியில் புகுந்தார்கள். பம்பிலிருந்து வரும் எண்ணெயை இருக்கைக்குக் கீழே மறித்து, புது வால்வுக்குத் திருப்பி, திரும்பி வரும் எண்ணெயைத் தொட்டியில் விட வேண்டும். துருப்பிடித்த போல்ட்டு ஒன்று அசையவே மாட்டேன் என்றது. கணவர் அதைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். தம்பி சுத்தியலால் திட்டினான். அவள் கொட்டகைக்கும் கரைக்குமாக ஓடி, கசிவு எவ்வளவு அகலமாகிறது என்று பார்த்துவந்து சொன்னாள். முதலில் விரல் கனம். அப்புறம் கை கனம். கணவர் அதற்குமேல் வண்டிக்கடியில் இருக்க முடியாமல் மண்வெட்டியோடு கரைக்கு ஓடினார்.

"ஸ்டார்ட் பண்ணுக்கா."

அவள் ஏறி வண்டியைக் கிளப்பினாள். முதல் லீவரில் கைகள் எழுந்தன. இரண்டாவதைத் தள்ளினாள். பக்கெட் ஒரு குலுங்கு குலுங்கி, முகம் கவிழ்ந்தது. ஆனால் ஒரு ஹோஸ் ஓரத்தில் எண்ணெய் புகைபோலப் பூத்தது. எங்கே ஓட்டை என்று தம்பி விரலால் தடவிப் பார்த்தான். வெடுக்கென்று கையை உதறினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு. ஆஃப் பண்ணு."

ஹோஸை மாற்றினான். அவள் வண்டியைக் கரைக்கு விட்டாள். மேட்டில் அள்ளுவதும் கசிவில் கொட்டுவதுமாக எத்தனை நடை போனாளோ, கசிவு இளைத்தது. கணவர் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே அவளைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

திரும்பும்போதுதான் தம்பியைக் கவனித்தாள். கொட்டகைத் தூணில் சாய்ந்து, வலது கையை அக்குளில் செருகி நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா, நீ போ."

இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தாள். மோதிர விரலில் ஒரு புள்ளி. ரத்தம் இல்லை. ஆனால் விரல் கல்லாக வீங்கி, உள்ளங்கை வரை நிறம் மாறியிருந்தது.

"எண்ணெய் உள்ள போயிருச்சு" என்றான் தரையைப் பார்த்து. "பிரஷர்ல ஊசி மாதிரி குத்திக்கிட்டுப் போகும். சீக்கிரம் கீறிக் கழுவணும். எங்க கேரேஜ்ல ஒருத்தனுக்கு லேட் ஆகி, கையையே எடுத்துட்டாங்க."

"தெரிஞ்சுமா சும்மா நிக்கிற?"

"எப்படிப் போறது? இந்த வண்டி ஒண்ணுதான் தண்ணில போகும். வண்டி போனா கரை போயிரும்."

அவள் கரையைப் பார்த்தாள். மாடுகளைப் பார்த்தாள். அந்தக் கையால் ரிப்பேர் பார்த்துத்தான் அவன் சாப்பிடுகிறான். அவனும் மாட்டேன் என்கிறான். கொஞ்சம் மண் கொட்டிவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

"ஏறுடா" என்றாள்.

வண்டி திரும்புவதைக் கண்டு கணவர் கரையிலிருந்து கத்தினார். "எங்க போற? மறுபடி ஊறுது!"

"இவன் கை போயிரும்ங்க!"

அவர் மண்வெட்டியை வீசிவிட்டு, "போ! நிக்காதே, போ!" என்று கத்திக்கொண்டே மாடுகளை அவிழ்க்க ஓடினார்.

சாலை முழுக்க ஓடுகிற தண்ணீர். தம்பி மட்கார்டில் உட்கார்ந்து இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தான். வளைவில் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. பக்கெட்டை அடியில் கொடுத்துத் தூக்கினாள், வழுக்கியது. மறுபடி தூக்கி, இரண்டாவது லீவரைத் தள்ளி ஓரமாகப் புரட்டினாள். எஞ்சின் செத்துவிடும்போல் இருமியது. "அமுக்குக்கா, அமுக்கு" என்றவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளங்கை வரை கீறிக் கழுவினார்கள். விரல் போயிற்று, கை தப்பியது. இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

கணவர் வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டபோது அவள் நடைக்கூடத்து நாற்காலியில் உடம்பெல்லாம் எண்ணெயும் சேறுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"மேட்டுச் சாலைல. கரை போயிருச்சு. சோளம் இல்ல. கொட்டகை இல்ல. மாடுங்க பாதி ஏறிருச்சு. கன்னுங்களை என்னால பிடிக்க முடியல. ஒண்ணு என் கையிலேர்ந்து..." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவன் கை?" என்றார் அவர்.

"ஒரு விரல் போச்சு. கை இருக்கு."

"சரி. இருக்கட்டும். அங்கேயே இரு நீ."

தம்பி கண் விழித்ததும் கையிலிருந்த கட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். "கரை?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவன் பின்கழுத்தில் காய்ந்திருந்த எண்ணெய்க்கறையை ஈரத்துணியால் மெல்லத் துடைக்க ஆரம்பித்தாள்.