பாப்பாவுக்கு

கூப்பிட்டால் வராத பிள்ளையை என்ன செய்வது என்று தமிழ்ச்செல்வி யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கடந்த ஐந்து மாதமாக ஊர் சொன்னதே அவளுக்குக் காதுவரை நிறைந்திருந்தது.

வில்லாபுரத்தில் மாடி வீடு. மகள் பவதாரிணிக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. தமிழ்ச்செல்வி அடுப்படியில் நின்றுகொண்டு, "பாப்பா, சாப்பிட வா" என்பாள். பிள்ளை முன்னறையில் உட்கார்ந்து எதையாவது கத்தரித்து ஒட்டிக்கொண்டிருக்கும், ஏறிட்டும் பார்க்காது. இரண்டு தடவை, மூன்று தடவை கத்திவிட்டுக் கடைசியில் தட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிடும். அடம் கிடையாது, அழுகை கிடையாது. கூப்பிட்டால் வருவதில்லை, அவ்வளவுதான்.

பாப்பா என்பது பவதாரிணிக்குப் பிறந்த நாளிலிருந்து வீட்டில் வழங்கும் பேர். நம் வீடுகளில் இது ஒரு கூத்து. நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, அஞ்செழுத்தில் ஒரு பேரைத் தேடிப் பிடித்து வைப்பார்கள். வைத்த கையோடு அதை மறந்துவிட்டுப் பாப்பா என்பார்கள். நடுவில் ஆறு மாதம் மட்டும் அந்தப் பேர் பவதாரிணியிடம் இல்லை. தமிழ்ச்செல்வி மறுபடி உண்டானதும், "இனிமே நீ பெரியவ. வயித்துல இருக்கிறதுதான் பாப்பா" என்று எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். பிள்ளைக்குப் பெருமை பிடிபடவில்லை. பால் ஊற்ற வருகிறவரிடம்கூட, "நான் பெரியவ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாசி மாதம் அந்தப் பாப்பா ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்தது. சின்னப் பிள்ளைகளை அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் பவதாரிணி அதை அப்பாவின் போனில்தான் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் விடியும்போது பாப்பா இல்லை.

அதற்கப்புறம் தமிழ்ச்செல்விக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றுமே ஆகவில்லை. அஞ்சு மணிக்கு எழுந்தாள், தண்ணீர் பிடித்தாள், சோறு ஆக்கினாள், துவைத்ததைக் காயப்போட்டாள். "புள்ள தேறிட்டா" என்று கீழ்வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தாள். கிள்ளினாலும் அடுத்தவர் கன்னத்தைக் கிள்ளுவதுபோல.

பெரியவள் என்கிற பேச்சும் வீட்டில் தானாக நின்றுபோனது. சின்னவள் இல்லாமல் பெரியவள் ஏது? யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததல்ல. பழையபடி பாப்பா, பாப்பா என்றே வாயில் வந்தது. அந்த நாள்களிலிருந்துதான் பிள்ளை கூப்பிட்டால் வருவதை நிறுத்தியிருந்தாள் என்பதும் தமிழ்ச்செல்விக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

உறைத்தபோது முதலில் காதைத்தான் சந்தேகப்பட்டாள். காது டாக்டர் பிள்ளையைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து என்னென்னமோ சத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, "காதெல்லாம் பிரமாதமா இருக்கும்மா. மனசுல எதும் கோவமான்னு பாருங்க" என்றார்.

கோபம். அதைக் கேட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது தமிழ்ச்செல்விக்குக் கணக்கு நேராகிவிட்டது. பாப்பாவைக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு வந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? என் மகளுக்கு நான் வேண்டாம், இருக்கிற ஒன்றும் கையைவிட்டுப் போகிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்தும் அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து தம்பி தவசி வந்தான். ஒரு பை நிறையக் கத்திரிக்காயைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதே, "மருமகளே!" என்று ஒரு சத்தம் கொடுத்தான். அவ்வளவுதான், பவதாரிணி கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"இவளுக்கா காது டாக்டர் பாத்த?" என்று தவசி சிரித்தான். "சோளத்துல குருவி வந்து உக்காந்தாக்கூட இவளுக்குக் கேக்கும்க்கா."

"எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குதுடா" என்றாள் தமிழ்ச்செல்வி. தவசி அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டான். அவள் கத்திரிக்காயைப் பையிலிருந்து எடுத்து, சொத்தை பார்த்து, தனித்தனியாகப் பிரித்து வைத்தாள். அந்த மாதிரி வேலைகளில் எல்லாம் அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்த வாரம் பள்ளிக்கூட டைரியில் ஒரு சீட்டு ஒட்டி வந்தது. வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் பரிசு செய்ய வேண்டும். கடையில் வாங்கியது கூடாது, வேண்டாத பொருளில் கையால் செய்ய வேண்டும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெற்றோர் வந்து பார்க்கலாம். பவதாரிணிக்குச் சொல்லவா வேண்டும்? அவள் அப்பா முத்துப்பாண்டி வேலை பார்ப்பது டைல்ஸ் கடையில். அவன் கொண்டுவரும் பழுப்பு அட்டைப்பெட்டிகள் எல்லாம் அவளுக்குத்தான். அன்றைக்கே அட்டையை நார் நாராக வெட்டி, கம் தடவி, இறுக்கிச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தமிழ்ச்செல்வி பார்த்தாள். பக்கத்தில் போய் உட்காரவில்லை.

அவளும் ஒரு காலத்தில் செய்தவள்தான். நாலாம் வகுப்புப் படிக்கும்போது சோளத்தட்டையை உரித்து, உள்ளிருக்கும் நெட்டியைத் துண்டு போட்டு, தோலை வளைத்துக் குத்தி அப்பாவுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி செய்து கொடுத்தாள். அப்பா அதைப் போட்டுக்கொண்டே உசிலம்பட்டிச் சந்தைக்கு மாடு பிடித்துக்கொண்டு போனார். சந்தையில் ஆள் ஆளாகச் சிரித்தும் கழற்றவில்லை. அன்றைக்குச் சந்தோஷத்தில் அவள் சாப்பிடவே இல்லை. அதெல்லாம் இப்போதும் வரிசையாக நினைவுக்கு வந்தது, ரேஷன் கார்டு நம்பர் நினைவுக்கு வருவதைப் போல. சந்தோஷம் மட்டும் கூட வரவில்லை. எழுந்து போய்க் குக்கரை இறக்கினாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பரிசுகளை அடுக்கியிருந்தார்கள். பாதியை அம்மாக்களே செய்திருக்கிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஏழு வயதுக் கை எங்கே அத்தனை நேராகக் கத்தரிக்கும்? ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சீட்டு. அம்மாவுக்கு. அப்பாவுக்கு. அம்மாச்சிக்கு. பூச்சாடி, போன் வைக்கும் தாங்கி, பாசி வைத்து ஒட்டிய பொட்டுப் பெட்டி. தமிழ்ச்செல்வி 'அம்மாவுக்கு' என்று இருந்த சீட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். எதிலும் பவதாரிணி பேர் இல்லை. சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி மேசையின் ஓரத்தில் கிடந்தது. அட்டையைச் சுருட்டிச் செய்த சின்னச் சின்ன உருளைகளைக் கறுப்பு நூலில் கோத்து முடிந்த ஒரு வளையல். சீட்டில் 'பாப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது.

மீனா மிஸ் சிரித்துக்கொண்டே வந்தார். ஜூன் மாதம்தான் இந்த வகுப்புக்கு வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. "பவதாரிணி அம்மாதான? உங்க பொண்ணு பெரிய ஆளுங்க. எல்லாரும் அம்மாவுக்கு அப்பாவுக்குன்னு செஞ்சா, இவ தனக்குத்தானே செஞ்சுக்கிட்டா. வீட்ல இவளத்தான பாப்பான்னு கூப்பிடுவீங்க?"

"ஆமா மிஸ்" என்றாள் தமிழ்ச்செல்வி. "க்ளாஸ்ல கூப்பிட்டா வர்றாளா?"

"பவதாரிணின்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சு நிப்பாளே. ஏங்க?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

பிள்ளை ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். மிஸ் பார்க்கிறாரே என்று தமிழ்ச்செல்வி வளையலை எடுத்து அவள் கையில் போட்டுவிடப் பார்த்தாள். நாலு விரலைத் தாண்டி அது ஏறவில்லை. "சின்னதாப் போச்சே" என்றாள். பவதாரிணி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, "எனக்கில்ல" என்றாள். வளையலை வாங்கிப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பி நடந்து வரும்போது வெயில் இன்னும் தாழவில்லை. மாவு மில்லைத் தாண்டியதும் தமிழ்ச்செல்வி கேட்டாள். "அது என்ன வளையலுடி?"

"வசம்பு வளையல்."

பிறந்த பிள்ளை கையில் வசம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கோத்துக் கட்டுவது வழக்கம். வீட்டுக்குப் பாப்பா வந்ததும் கட்ட வேண்டும் என்று கர்ப்பமாக இருந்தபோது இவளிடம் சொன்னது தமிழ்ச்செல்விதான். பழுப்பு அட்டை பார்க்க வசம்பாகவே இருந்தது.

"பாப்பாவுக்குன்னு எழுதியிருந்துச்சே. நீதான பாப்பா?"

"நான் பெரியவ" என்றாள் பவதாரிணி, நேராகப் பார்த்து நடந்தபடி. "நீங்கதான சொன்னீங்க. அந்தப் பேரை வயித்துல இருக்கிற பாப்பாவுக்குக் குடுத்தாச்சுன்னு."

"அது அப்பச் சொன்னதுடி."

"குடுத்துட்டுத் திருப்பி வாங்குனா? எனக்குப் பவதாரிணின்னு இன்னொண்ணு இருக்குல்ல. மாமா மருமகளேன்னு கூப்பிடுவாக. பாப்பாவுக்கு அது ஒண்ணுதானம்மா இருக்கு. நீ கூப்புடுறப்ப நான் வந்துட்டேன்னா அது என் பேராயிரும். அப்புறம் பாப்பாவுக்குப் பேரே இருக்காதுல்ல."

தமிழ்ச்செல்வி நடையை நிறுத்திவிட்டாள்.

முப்பதாம் நாள் பேர் வைப்பதாக இருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் காகிதங்களில் 'தமிழ்ச்செல்வியின் பெண் குழந்தை' என்றுதான் இருந்தது. பதினோரு நாள் உயிரோடு இருந்த ஒரு பிள்ளைக்கு இந்த உலகத்தில் சொந்தமாக இருந்தது அந்த ஒரு சொல். அதையும் பிடுங்கி, சாப்பிட வா, குளிக்க வா என்று பெரியவர்கள் தெருக்கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்காமல் ஐந்து மாதம் காவல் நின்றது இந்த ஏழு வயதுதான்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"பாப்பா பேச்சை எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிருச்சு. எடுத்தா நீ அழுவியாம்." பிள்ளை அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "நீதான் அழுகவே மாட்டேங்குறியே."

வீட்டுக்கு வந்ததும் தமிழ்ச்செல்வி அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே இன்னொரு தடவை களைந்தாள்.

ஆறரை மணிக்கு முத்துப்பாண்டி படியேறி வந்தான். வாசலில் நின்று, "பாப்பா, இந்தா, இன்னைக்கி எம்புட்டு அட்டை கொண்டாந்திருக்கேன் பாரு" என்றான். பவதாரிணி திரும்பவில்லை. அவன் அதை எப்போதும்போல விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

தமிழ்ச்செல்வி ஈரக்கையோடு வந்து நின்றாள். "ஏங்க, அவளப் பாப்பான்னு கூப்பிடாதீங்க. அது சின்னவ பேரு."

முத்துப்பாண்டி ஒரு செருப்போடு நின்றான். அந்த வீட்டில் ஐந்து மாதமாக அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எங்க வச்சீங்க அவள?" என்றாள்.

இதையும் அவள் கேட்டதே இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவனும் தவசியும் பிள்ளையைத் துணியில் சுற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் தலை நனைந்து திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

அவன் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தவன்போல உடனே சொன்னான். "நம்ம காட்டுலதான். கெணத்துக்கு மேக்க ஒரு வேம்பு நிக்கில்ல, அதுக்கும் வரப்புக்கும் நடுவுல. தலைமாட்டுல ஒரு வெள்ளக் கல்லு வச்சிருக்கேன். மாசம் ஒருக்கா போயிட்டுத்தான் வாரேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"நீ கேக்கல, தமிழு. நீ கேட்டாச் சொல்லணும்னுதான் இருந்தேன்." அவன் குரல் உடைந்தது. "கொஞ்சம் எடம்தான் தோண்டுனோம். சின்னப் புள்ளைல்ல. கொஞ்சூண்டு எடம் போதும்னுட்டாக."

கொஞ்சூண்டு இடம். தமிழ்ச்செல்விக்கு வலித்தது. வயிற்றிலா, மாரிலா, எங்கே என்று சொல்ல முடியாமல், நிற்க முடியாத அளவுக்கு வலித்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தொண்டையிலிருந்து வந்த சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. கீழ்வீட்டில் டிவியைக் குறைத்தார்கள்.

யாரும் கூப்பிடாமலே பெரியவள் எழுந்து அம்மாவிடம் வந்தாள்.