அலமாரியில் இருந்த காது

இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. சின்ன வயதில் மலையிலிருந்து அல்ஃபா புல்லைக் கட்டுக் கட்டாகச் சுமந்து இறக்கிய இடுப்பு. அதற்கே ஆஸ்பத்திரி முக்காலியில் மூன்று நாள் உட்கார முடியவில்லை. எழுந்தாலோ, கமாயிஸ் குழாயைப் பிடுங்கிவிடுவார்.

என் வீட்டுக்காரர் கமாயிஸ் பாஸ்பேட் சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம் பாறையில் துளை போட்டவர். படியில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார் டாக்டர். மறுநாளே என்னை யாரோ எவளோ என்று பார்த்தார் இவர். கூரையைக் காட்டி, "எறங்குது, எறங்குது!" என்று அலறினார். கொஞ்ச நேரம் கண் சொருகிக் கிடப்பார். திடீரென்று மெத்தையைக் கையால் தோண்டுவார். மூன்றாம் நாள் காலையில் சிறுநீர்க் குழாயைப் பிடித்து இழுத்ததில் விரிப்பெல்லாம் ரத்தம். தடுக்கப் போன என்னைக் கடித்தார். வாயில் பல் இல்லாததால் பிழைத்தேன்.

"ரெண்டு கையையும் கட்டிப் போடுங்க" என்றார் டாக்டர்.

மகன் மோன்ஜி தலையாட்டினான். "உம்மா, வாப்பாவுக்குப் புத்தி போயிடுச்சு. வயசாச்சுல்ல, ஒத்துக்க."

"உனக்குப் புத்தி எப்ப வந்துச்சு, அவருக்குப் போனத நீ சொல்றதுக்கு?"

சுரங்கம் ஒருமுறை சரிந்தபோது, கைகள் கல்லுக்கடியில் மாட்டிப் பத்தொன்பது மணி நேரம் கிடந்தவர் இவர். கட்டினால் அந்த இருட்டுக்குள்ளேயே போய்விடுவார், திரும்பி வரமாட்டார். எனக்குத் தெரியும்.

கட்டும் பட்டையோடு வந்த நர்ஸ் தலெந்தா, அதைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "சாச்சி, விழுறதுக்கு மொத நாள் எப்படி இருந்தாரு?"

"ஈரல்ல அம்பது கிராம் கொறையுதுன்னு கசாப்புக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னாரு."

"அப்ப இது வயசு மறதி இல்ல. அது வருசக்கணக்குல ஊறி வரும். ரெண்டே நாள்ல வந்துச்சுன்னா, உடம்புல இருக்கற கோளாறு மூளையக் கலக்குதுன்னு அர்த்தம். காரணத்தப் பிடிச்சா முக்காவாசிப் பேருக்குத் தெளிஞ்சிடும்."

குனிந்து அவர் உதட்டைப் பார்த்தாள், வெடித்திருந்தது. வயிற்றை அமுக்கினாள், கல் மாதிரி இருந்தது. வெளிக்குப் போய் நாலு நாள். "வலிக்குதான்னு கேட்டீங்களா?"

"கேட்டா பதில் வரல."

"காது கேக்குமா?"

துளைபோடும் இயந்திரம் அவர் காதை எப்போதோ தின்றுவிட்டது. காது மிஷின், சோடாபுட்டிக் கண்ணாடி, பல் செட்டு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கமாயிஸ். ஆஸ்பத்திரியில் களவு போகும் என்று எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆபரேஷனுக்கு முன் கழற்றிக் கொடுத்ததைத் துணியில் முடிந்து மோன்ஜியிடம் கொடுத்து, ரெதயஃப் ஊரில் எங்கள் வீட்டு அலமாரியில் பூட்டச் சொன்னேன். சாவி என் கழுத்தில். போதாததற்கு, கண்ணேறு பட்டுவிடும் என்று கட்டிலைச் சுற்றித் திரையையும் இழுத்து மூடியிருந்தேன். அவருக்குப் பகலும் தெரியவில்லை, இரவும் தெரியவில்லை.

சாவியைக் காட்டினேன். தலெந்தா சிரிக்கவில்லை. "ஆளக் கழட்டி அலமாரியில வச்சிட்டு, மிச்சத்த இங்க கொண்டாந்திருக்கீங்க சாச்சி."

மோன்ஜி சாவியோடு ஓடினான். தலெந்தா டாக்டரிடம் போய் நின்றாள். "நாலு மணி வரைக்கும் கட்ட வேணாம். நான் பக்கத்துல இருக்கேன்." அவள் வேலை இரண்டு மணிக்கே முடிகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

திரையை விலக்கினாள். குழாய் இனி வேண்டாம் என்று டாக்டரைக் கேட்டு எடுத்துவிட்டாள். வலிக்கும், வயிறு இளகுவதற்கும் மருந்து வந்தது. தலையை நிமிர்த்திக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுக்க எனக்குக் காட்டித் தந்தாள்.

மூன்று மணிக்கு மறுபடி தோண்ட ஆரம்பித்தார். கத்தியும் பயனில்லை. கையிலிருந்த கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டினேன். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. சரிவில் சிக்கியவர்களை வெளியே இருப்பவர்கள் சுரங்கத்து இரும்புக் குழாயில் தட்டி அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுரங்கக்காரன் பெண்டாட்டி எவளுக்கும் அது தெரியும். கட்டில் அதிர்ந்ததும் அவர் கை நின்றது. கம்பியைத் தொட்டுப் பார்த்தார். விரல் முட்டியால் திருப்பித் தட்டினார்.

"எத்தன பேரு வந்திருக்கீங்க?"

அவர் கண்ணுக்குக் கிட்டே ஒரு விரலைக் காட்டினேன்.

"ஒருத்தன்தானா? சரி, மெதுவாத் தோண்டு. நான் இருக்கேன்."

சாய்ந்து படுத்தார். கை மரக்கும்வரை தட்டினேன். மரத்ததும் தலெந்தா வாங்கித் தட்டினாள்.

நாலேகாலுக்கு மோன்ஜி மூச்சிரைக்க வந்தான். டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காதை மாட்டினோம், கண்ணாடியை மாட்டினோம். தலெந்தா சொல்லிக் கொடுத்தபடி மெதுவாகச் சொன்னேன்: "கமாயிஸ், இது ஆஸ்பத்திரி. தொட முறிஞ்சுது, சரி பண்ணியாச்சு. இன்னிக்குச் செவ்வா. நான் ஸல்ஹா."

வெகுநேரம் பார்த்தார். "ஸல்ஹாவா? ஏன் இப்படிக் கெழவியா ஆயிட்ட?"

"மூணு நாள்ல நீ ஆக்குனதுய்யா."

"என் பல்லு எங்க? வித்துத் தின்னுட்டியா?"

உடனே எல்லாம் தெளிந்துவிடவில்லை. அன்று மாலையும் கூரையில் தூசி பார்த்தார், மறுநாள் கொஞ்சம். ஐந்தாம் நாள் கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டார். கடைசிவரை யாரும் அவர் கையைக் கட்டவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தலெந்தாவின் தங்கைக்கு மருதாணி வைக்கும் நாள் என்று துப்புரவு செய்பவள் பிறகு சொன்னாள். வீட்டில் எல்லாரும் காத்திருந்து, இவள் இல்லாமலே வைத்து முடித்துவிட்டார்களாம். நாங்கள் கிளம்பிய அன்று அவளுக்கு விடுமுறை, சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

தலெந்தாவுக்கு நான் இரண்டேகால் மணி நேரம் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.