கட்டிலில் கிடப்பவர்கள் கடைசி

பொம்மையின் பாரம் ஐம்பது கிலோ. ஐம்பது கிலோ மனிதன் என்றால் கொஞ்சமாவது ஒத்துழைப்பான். கழுத்தைத் தூக்குவான், தூக்காவிட்டாலும் வாயாலாவது ஏசுவான். பொம்மை ஒன்றுமே செய்யாது. பவளராணி அதைப் பக்கவாட்டில் உருட்டி, முதுகுக்குக் கீழே இழுவைப் பாயைச் சொருகி, மற்றப் பக்கம் உருட்டி, மார்பிலும் முழங்காலிலும் பட்டிகளை இறுக்கினாள். நாற்பத்தொன்பது வயதில், சனிக்கிழமை காலையில், சம்பளமில்லாமல் ஒரு ரப்பர் ஆம்பிளையைத் தரையில் இழுத்துக்கொண்டு திரிவாள் என்று அவளுடைய சாதகத்தைப் பார்த்த ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"மெதுவா அன்ரி, அந்தாளுக்குக் கொலஸ்ட்ரோல்," என்றாள் சோபனா.

"உனக்கென்ன, பகிடி. நாளைக்கு என்ர இடுப்பையும் இப்பிடித்தான் பாயில சுத்தி இழுக்கப்போறியள்."

சோபனா டென்மார்க்கில் பிறந்தவள். இருபத்தேழு வயது. ரண்டர்ஸ் நகரத்தில் அந்த முதியோர் இல்லத்தில் இருவருமே விக்கார், அதாவது ஆள் குறையும்போது மட்டும் கூப்பிடப்படுபவர்கள். சோபனா வந்து ஒரு வருடம். பவளராணி எட்டு வருடம். எட்டு வருடமாகக் காலை ஆறு மணிக்குக் கைபேசி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் வீடு. குளிக்கும்போதுகூடக் கைபேசியைச் சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

போர் எங்கேயோ கிழக்கில் நடந்தாலும், மூன்று நாளைக்குத் தண்ணீரும் சாப்பாடும் வீட்டில் வைத்திருக்கும்படி அரசாங்கம் எல்லோருக்கும் அறிவித்தபோது தமிழ்க் கடையில் ஒரே சிரிப்பாக இருந்தது. மூண்டு நாளோ, எங்களிட்டை மூண்டு மாசத்துக்கு அரிசி கிடக்குது என்றார்கள். ஆனால் இல்லத்தின் பொறுப்பாளர் லோன சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் ஆட்களை வெளியேற்றத் தெரிந்த ஒருவர் வேண்டும். சிவில் பாதுகாப்புத் தொண்டர்கள் வந்து பழக்குவார்கள். ஆறு சனிக்கிழமைகள், விரும்பியவர்கள் வரலாம் என்றாள். பிறகு பவளராணியைத் தனியாகக் கூப்பிட்டு, மேல்மாடியில் கிழமைக்கு முப்பது மணி நேர நிரந்தர வேலை ஒன்று வரப்போகிறது, பழக்கி முடிய வைக்கும் சோதனையில் தேறியவருக்குத்தான் முதல் இடம் என்றாள்.

"உனக்கு இதில் அனுபவமும் இருக்கிறது இல்லையா?" என்று தலையைச் சரித்துக்கொண்டு கேட்டாள்.

இருக்கிறது என்றாள் பவளராணி. டெனிஷில் அதற்குமேல் சொல்ல அவளுக்கு வார்த்தை போதாது. தமிழிலும் போதாது.

பழக்கியவர் பெண்ட் என்ற ஓய்வுபெற்ற தச்சர். நீலச் சீருடையும் பெரிய காதுகளும். அவரும் தொண்டர்தான். சட்டத்தை அவர் வெண்பலகையில் மூன்று வரியாக எழுதினார். முதலில் நடக்கக்கூடியவர்கள். அடுத்தது சக்கர நாற்காலி. கட்டிலில் கிடப்பவர்கள் கடைசி. கட்டில்காரரின் கதவில் மஞ்சள் அட்டையை ஒட்டிக் கதவை இறுக்கிச் சாத்த வேண்டும். தீயணைப்புப் படை வந்து எடுக்கும்.

"ஒருவரை இழுக்கிற நேரத்தில் ஆறு பேரை நடத்திக்கொண்டு போகலாம். கேட்கக் கொடுமைதான். ஆனால் கணக்குச் சரி," என்றார்.

பவளராணி கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டாள். கணக்கு சரிதான் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

சோதனைக்கு முந்திய கிழமை வீட்டில் படுக்கைவிரிப்பை நிலத்தில் போட்டு அதில் புருசனைப் படுக்க வைத்தாள். குகநேசன் பஸ் டிப்போவில் கழுவுகிற வேலை. எண்பத்தாறு கிலோ. தலைமாட்டில் பிடித்து இழுத்தாள். விரிப்புத்தான் வந்தது, ஆள் அங்கேயே கிடந்தார்.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் மூச்சை உள்ளுக்கு இழுங்கோ."

"மூச்சை இழுத்தா பாரம் குறையுமோ? நீர் சோறு போட்ட பாவத்துக்கு நீரே இழும்."

அவள் கொப்பியை எடுத்துச் சட்டத்தைச் சத்தமாக வாசித்துப் பாடமாக்கினாள். மூன்றாவது வரி முடிந்தபோது குகநேசன் விரிப்பில் கிடந்தபடியே முகட்டைப் பார்த்தார்.

"நடக்கேலாத ஆக்கள் கடைசியோ?"

"ஓம். அப்பிடித்தான் சட்டம்."

அவர் எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனார். வழமையாக அவள்தான் வைப்பாள்.

குகநேசன் ஊரில் சண்டை இறுகுவதற்கு முன்னரே, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே டென்மார்க் வந்துவிட்டார். கடைசி மாதங்களில் வன்னியில் இருந்தது பவளராணியும், அப்போது கைக்குழந்தையாக இருந்த, இப்போது விடுதியில் நின்று படிக்கிற பிள்ளையும், பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன, குகநேசனின் அப்பாவான மாமாவும். கடற்கரையில் பதுங்குகுழிக்குள் மாமாவைப் படுக்க வைத்து, வேலை செய்கிற இடக்கைப் பக்கம் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு, பிள்ளையோடும் நடக்கக்கூடியவர்களோடும் அவள் வெளிக்கிட்டாள். பிள்ளையை ஓரிடத்தில் விட்டுவிட்டு ஆள் பிடித்துக்கொண்டு திரும்பலாம் என்பது அவளுடைய கணக்கு. அதன்பிறகு இராணுவம் அந்தப் பக்கம் ஒருவரையும் திரும்பிப் போக விடவில்லை. முகாமிலிருந்து முதல்முதல் தொலைபேசியில் கதைத்தபோது, மாமா தன் கண்ணுக்கு முன்னாலேயே அமைதியாகப் போய்விட்டார் என்றாள். என்ன திகதி என்று குகநேசன் கேட்டார். வாயில் வந்த ஒரு திகதியைச் சொன்னாள். வருடாவருடம் அந்தத் திகதிக்கு அவர் லீவு எடுத்து, தலை முழுகி, படத்துக்குப் படைப்பார். அவள் பதினாறு கறி வைப்பாள்.

சோதனை மேல்மாடியில் நடந்தது. உண்மையான முதியவர்களைக் கீழே பிங்கோ விளையாட அனுப்பிவிட்டார்கள். பெண்டின் தோழர்கள் நான்கு பேர் தள்ளுவண்டி பிடித்துக்கொண்டு நடக்கிற கிழவர்களாக நடித்தார்கள். கடைசி அறைக் கட்டிலில் பொம்மை. புகை இயந்திரம் வெள்ளையாக இனிப்பு மணத்தோடு ஊதியது. மணி அடித்ததும் பெண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பவளராணி நடக்கிற நால்வரையும் நடைபாதையில் சேர்த்து நிற்க வைத்துவிட்டு, வெறும் அறைகளின் கதவுகளைச் சாத்திக்கொண்டு போனாள். வரிசை பிழைக்கவில்லை. கடைசி அறைக்கு வந்து மஞ்சள் அட்டையை ஒட்டினாள். கைபிடியைப் பிடித்தாள். இனிக் கதவைச் சாத்திவிட்டு, நடக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவதுதான் பாக்கி. கதவு இடுக்கால் பொம்மையின் இடக்கை தெரிந்தது. கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் உள்ளே போனாள்.

உருட்டினாள், சொருகினாள், பட்டியை இறுக்கினாள். இவ்வளவு வேகமாக அவள் ஒருநாளும் செய்ததில்லை. நடைபாதையில் இருமிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "ஹலோ, நான் இன்னும் இங்கே இருக்கிறேன்," என்று நன்றாகவே நடித்தார். அவரைக் கடந்து இழுத்துக்கொண்டு போனாள். படிக்கட்டுத் திருப்பத்தில் பொம்மையின் கை கம்பியில் சிக்கியது. அவள் விடவில்லை. கை கழன்று மேலேயே நின்றுவிட்டது. மிச்சத்தோடு வாசலைத் தாண்டி வெளியே வந்து, பனி கரைந்த புல்லில் அதற்குப் பக்கத்தில் குந்தினாள். அதன் தலைக்குக் கீழே தன் கையை வைத்திருந்ததைப் பிறகுதான் கவனித்தாள்.

பெண்ட் இறங்கி வந்து பக்கத்தில் முழங்காலிட்டார்.

"பவலா, நடக்கக்கூடிய நாலு பேரும் செத்துப்போனார்கள்," என்றார், தானே கொன்றதுபோன்ற குரலில்.

செத்துப்போன நால்வரும் வாசலில் நின்று தோடம்பழச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அவளுக்கும் ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்தார்.

சோபனா தேறிவிட்டாள். திங்கட்கிழமை லோன பவளராணியை அறைக்குள் கூப்பிட்டு, கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உன்னுடைய இதயம் மிகப் பெரியது. ஆனால் அவசரத்தில் அது உன்னை முந்திக்கொண்டு ஓடுகிறது. நிரந்தர வேலை என்றால் நான் உன்னை நம்பி மாடியை ஒப்படைக்க வேண்டும், விளங்குகிறதா?"

விளங்குகிறது என்றாள். பெட்டியிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை.

வெளியே சோபனா காத்துக்கொண்டு நின்றாள். "அன்ரி, நான் வேண்டாமெண்டு சொல்லட்டே?"

"விசர்க்கதை கதையாதை. நீ வேண்டாமெண்டா எனக்குத் தருவினமே? ஆரோ ஒரு டெனிஷ்கார எம்மாவுக்குக் குடுப்பினம். போய்க் கையெழுத்தை வை."

"நீங்கள் ஏன் அன்ரி அப்பிடிச் செய்தனீங்கள்? உங்களுக்குப் பாடமெல்லோ."

"பாடம்தான் பிள்ளை," என்றாள் பவளராணி.

அன்று பின்னேரம் குகநேசன் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து நடந்ததைச் சொன்னாள். பொம்மையின் கை கழன்ற கதையைப் பகிடியாகத்தான் சொல்ல நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்ட கோப்பையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்மை என்ன பாரம்?"

"ஐம்பது கிலோ."

"அப்பாவும் அந்த நேரம் அவ்வளவுதான் இருந்திருப்பார்."

அவள் வாயைத் திறந்தாள். எந்தத் திகதி, எந்தக் கை, எவ்வளவு தண்ணீர் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. குகநேசன் அவளுடைய கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. நெடுநேரம் திறந்தே விட்டிருந்தார்.

மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கைபேசி அடித்தது. லோனதான். நகரசபையிலிருந்து அதிகாரிகள் ஒத்திகை பார்க்க வருகிறார்கள், பொம்மை திருத்தப் போயிருக்கிறது, நீ பாரமில்லாத ஆள், இரண்டு மணிவரை சும்மா படுத்திருந்தால் போதும், வரமுடியுமா?

விக்கார் வரமுடியாது என்று சொல்வதில்லை.

கடைசி அறைக் கட்டிலில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கழுத்துவரை போர்வையோடு கிடந்தாள். மணி அடித்தது. நடைபாதையில் சோபனாவின் குரல் தெளிவாக, பிசிறில்லாத டெனிஷில் கேட்டது. எல்லோரும் இந்தப் பக்கம், கம்பியைப் பிடியுங்கள், அவசரம் வேண்டாம். நல்லாய்ச் செய்கிறாள் என்று நினைத்தாள். கதவு திறந்தது. செம்மஞ்சள் அங்கி போட்ட சோபனா எட்டிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி," என்றாள் தமிழில். அட்டை ஒட்டும் சத்தம் கேட்டது. கதவு சாத்துப்பட்டது.

காலடிகள் படியால் இறங்கின. பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே கார் தரிப்பிடத்திலிருந்து கைதட்டல் வந்தது. பெண்ட் நிமிடத்தை உரக்கச் சொன்னார். மறுபடியும் கைதட்டினார்கள். லோன ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். கோப்பி, கேக் என்ற சொற்கள் மட்டும் மேலே வந்தன. பிறகு முன்வாசல் கதவு அடித்துச் சாத்துப்பட்டது.

கால்கள் இரண்டும் நல்லாய்த்தான் இருந்தன. எழும்பி நடந்து போகலாம். மணி இன்னும் இரண்டாகவில்லை.

நடைபாதையில் புகை இயந்திரத்தை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. கதவின் கீழ் இடுக்கால் வெள்ளைப் புகை மெல்ல உள்ளே வந்து, தரையில் படிந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த அவளுடைய சப்பாத்துகளை மூடியது. பவளராணி கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தாள்.