இரும்பு என்று சொல்லாத பெகாயிம்

பெகாயிம் இறந்த நாற்பதாம் நாள் விருந்து முடிந்த மறுநாள் காலையிலிருந்து, கோக்-பெல் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் இருந்த எழுபத்துநான்கு புட்டிகளும் அவள் வைத்த பெயரைச் சொன்னால் மட்டுமே திறந்தன. அதே வாரம் மாவு கிலோவுக்கு இரண்டு சோம் ஏறியது. ஊரில் அதிகம் பேசப்பட்டது மாவைப் பற்றித்தான். புட்டிகள் விஷயத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் கொஞ்சம் அக்கறை காட்டினார். ஒரு குறடை வளைத்தார், பிறகு ஒரு புட்டியை ஜன்னல் வழியாக எறிந்து பார்த்தார். அது பனியில் தனக்கொரு குழி செய்துகொண்டு உட்கார்ந்தது. உடையவில்லை. அவர் போய் எடுத்துவந்து துடைத்து அலமாரியில் வைத்தார்.

பெகாயிம் அங்கே ஆய்வக உதவியாளராக இருந்தவள். அவள் கணவன் தெமிர்குல் வேதியியல் ஆசிரியன். தலைநகரில் ஐந்து வருடம் படித்துவிட்டு, எந்தச் சமன்பாட்டையும் சமன் செய்யத் தெரிந்தவனாகவும், வேறு எதுவும் தெரியாதவனாகவும் ஊர் திரும்பியவன். எங்கள் பக்கத்து மருமகள்கள் கணவன் பெயரையும் மாமனார், மூத்தவர்கள் பெயரையும் சொல்வதில்லை. அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் எங்கேயும் சொல்வதில்லை. தெமிர் என்றால் இரும்பு. அவன் அண்ணன் குமுஷ்பெக், குமுஷ் என்றால் வெள்ளி. அப்பாவின் அறுபதாவது வயதில் பிறந்ததால் மாமனாருக்கு அல்திமிஷ், அதாவது அறுபது, என்றே பெயர். ஒரு ஆய்வக உதவியாளர் இதைவிட மோசமான குடும்பத்தில் வாழ்க்கைப்பட முடியாது என்று தெமிர்குல் விருந்துகளில் சொல்வான். அவனிடம் இருந்த ஒரே வேடிக்கை அதுதான், பன்னிரண்டு விருந்துகளில் சொல்லியிருக்கிறான். வெந்நீர் அறுபது டிகிரியைத் தொட்டால் அவள் "அம்பதும் ஒரு பத்தும்" என்பாள். அவள் போன பிறகு, ஆய்வகத்து வெப்பமானி ஐம்பத்தொன்பதிலிருந்து நேராக அறுபத்தொன்றுக்குத் தாவத் தொடங்கியது. மாமனார் அதைக் கேள்விப்பட்டு, நல்ல பெண் என்றார்.

பழைய சீட்டுகளின் பசையை எலிகள் தின்றுவிட்ட ஆண்டில், பெகாயிம் எல்லாப் புட்டிகளுக்கும் புதுச் சீட்டு எழுதினாள். மேலே பெயர், கீழே வாய்பாடு. உறவு முறை முதலில், நைட்ரேட், சல்ஃபேட் என்ற அமிலத்தின் மிச்சம் பின்னால் என்பது அவள் விதி. வெள்ளி நைட்ரேட் 'பெரியவர் நைட்ரேட்' ஆனது. சோடியத்துக்கு எங்கள் ஊரில் சொந்தக்காரர் இல்லாததால் அது சோடியமாகவே இருந்தது. FeSO₄, FeCl₃ என்ற இரண்டு புட்டிகளில் மட்டும் வாய்பாடு இருந்தது, பெயர் இல்லை.

"மேல ஏன் வெறுமையா விட்டிருக்க?" என்று தெமிர்குல் கேட்டான்.

"எழுதினா மட்டும் சொன்ன மாதிரி ஆகாதா?"

"அப்போ கீழ Fe-ன்னு எழுதியிருக்கியே, அது யாரு?"

"அது லத்தீன். நம்ம வீட்ல லத்தீன்காரங்க யாரு இருக்கா?"

அந்தப் புட்டிகளை அவள் என்ன சொல்லிக் குறிப்பிட்டாள் என்று அவன் கேட்கவில்லை. "அதை எடு" என்பான், எடுத்துத் தருவாள். அவனை மற்றவர்களிடம் என்ன பெயரால் சொன்னாள் என்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று முறை நினைத்ததுண்டு. மற்ற அணுக்களைப் பிடிக்க இரும்புக்கு இரண்டு கையும் உண்டு, மூன்று கையும் உண்டு, அதனால்தான் ஒரே இரும்புக்கு வேறுவேறு வாய்பாடு என்று அவன் வகுப்பில் சொல்லிக்கொடுத்தான். வீட்டில் அவனுக்கு ஒரு கைகூட இல்லை என்பது அவள் கருத்து.

பிப்ரவரியில், மருத்துவமனைக்குப் போகும் கணவாய்ச் சாலை பனியில் மூடிக்கிடந்தபோது, குடல்வால் வெடித்து அவள் இறந்தாள். வயது இருபத்தேழு.

சீட்டில் பெயர் இருந்த எழுபத்திரண்டு புட்டிகளால் தொல்லையில்லை. வாசித்தால் திறந்தன. ஏப்ரல் முழுக்கத் தெமிர்குல் மற்ற இரண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். தெமிர் சல்ஃபேட் என்றான். வாய்பாட்டை எழுத்தெழுத்தாகச் சொன்னான். ஆசிரியர் சல்ஃபேட் என்றான். வீட்டுக்காரர் சல்ஃபேட், என்னவர் சல்ஃபேட், பிறகு கதவைச் சாத்திவிட்டு, கண்ணாளர் சல்ஃபேட். புட்டிகள் அசையவில்லை. கண்ணாளருக்கு மூடி இன்னும் கொஞ்சம் இறுகியதாகக்கூட அவனுக்குப் பட்டது.

மே மாதம் ஒன்பதாம் வகுப்புத் தேர்வை மேற்பார்வையிட மாகாணத்திலிருந்து ஒஸ்மோனோவ் என்ற அதிகாரி வந்தார். கையில் ஒரு உத்தரவு இருந்தது. திறக்க முடியாத புட்டி ஒன்று இருந்தாலும் அந்த ஆய்வகம் பாதுகாப்பற்றது, எல்லாப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய்ப் புதைத்துவிட வேண்டும். லாரி வாசலில் நின்றது. தெமிர்குலின் வீட்டில் பெகாயிமின் கையெழுத்து ஒரு ஆப்ரிகாட் பழ ஜாம் பாட்டிலின் மூடியில் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் இந்த அலமாரியில்தான். அவன் இதை அதிகாரியிடம் சொல்லவில்லை. உத்தரவில் அதற்கு இடம் இல்லை.

தேர்வில் ஏழாம் எண் கேள்விச் சீட்டை எடுத்த பெண்ணுக்கு இரும்பு சல்ஃபேட் வந்தது. "திறங்க" என்றார் ஒஸ்மோனோவ். அப்போது பள்ளிச் சமையல்காரி ஊல்கான், குமுஷ்பெக்கின் மனைவி, அதிகாரிக்குத் தேநீரும் போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளும் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றான் தெமிர்குல், "அவ என்னை என்ன பேர் சொல்லுவா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா, சின்னவரே?"

"ஊருக்கே தெரியும்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க."

"ஆபீசர் இருக்காரு."

"இருக்கட்டும்."

ஊல்கான் தட்டைக் கீழே வைத்தாள். "அப்புறங்காரர்."

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் மேஜையைப் பார்த்தது. ஒருவருக்கும் அது புதிய செய்தி இல்லை.

"அடுப்புக் குழாய் அடைச்சிருக்குன்னா அப்புறம். அம்மா வீட்டுக்குப் போலாமான்னா அப்புறம். அவளும் சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவா. வயிறு வலிக்குதுன்னப்போ..." என்று தொடங்கி, ஊல்கான் போர்சோக்கை அடுக்க ஆரம்பித்தாள்.

வயிறு வலிக்கிறது என்று பெகாயிம் சொன்னது செவ்வாய்க்கிழமை. கணவாய் புதன் இரவு வரை திறந்திருந்தது. தெமிர்குலிடம் திருத்த வேண்டிய நோட்டுகள் முப்பத்தொன்று இருந்தன, பெரும்பாலும் அலுமினியம் சல்ஃபேட்டின் வாய்பாடு, பெரும்பாலும் தப்பு. அப்புறம் போகலாம் என்றான். முப்பத்தொன்றையும் திருத்தி முடித்தான்.

அவன் புட்டியை நேராக வைத்தான். தேர்வில் விடை சொல்லும் மாணவனைப் போல, "அப்புறங்காரர் சல்ஃபேட்" என்றான். ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் ஆறி, மேலே மெல்லிய ஆடை படிந்தது. அதற்குப் பிறகு மூடி தானாகத் திரும்பி, மேஜைமேல் மெதுவாகப் படுத்தது.

அந்தப் பெண் இளம்பச்சைப் படிகங்களைக் கரைத்துக் காரத்தை ஊற்றினாள். அழுக்குப் பச்சையில் படிவு இறங்கியது. காற்றுப் பட்டு அதன் மேல்பக்கம் பழுப்பாகிக்கொண்டு வந்ததை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"இன்னொண்ணு?" என்றார் ஒஸ்மோனோவ், மூன்று கை இரும்பைக் காட்டி.

"அதுவும் இவருதான்," என்றாள் ஊல்கான். "கோவிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறப்போ."

கோபக்கார அப்புறங்காரர் குளோரைடு என்றதும் அது உடனே திறந்துகொண்டது. வகுப்பில் அப்போதுதான் யாரோ சிரித்தார்கள். தெமிர்குலும் சிரித்தான் என்று சிலர் சொல்கிறார்கள், அதற்கு உறுதியில்லை.

ஒஸ்மோனோவின் படிவத்தில் பொருளின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை உதறிவிட்டு, சொன்னபடியே எழுதிக் கையெழுத்திட்டார். தன் வீட்டில் தனக்கு என்ன பெயர் இருக்கும் என்று போகும்போது ஊல்கானிடம் கேட்டதாகவும், வீட்டில் கேளுங்கள் என்று அவள் சொன்னதாகவும் தெரிகிறது. லாரி காலியாகத் திரும்பியது.

அன்றிலிருந்து கோக்-பெல் பிள்ளைகள் FeSO₄ என்றால் அப்புறங்காரர் சல்ஃபேட் என்றே எழுதுகிறார்கள். தலைநகரில் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு அரை மதிப்பெண் குறைகிறது. அதைத் தாங்கிக்கொள்கிறோம். இரண்டு சீட்டுகளிலும் மேல்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது, தெமிர்குல் எழுதவில்லை. பாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் போய்ப் பெயரைச் சொல்கிறான். சல்ஃபேட் புட்டி இன்றுவரை ஒருநாளும் உடனே திறந்ததில்லை. அவன் நின்று காத்திருக்கிறான்.